ஆக்கியோரும் உடைமையாளரும்: ‘டொக்டர் ஹூ’ தொடரின் உற்பத்தி வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஓர் ஆக்கத்தின் ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு இலக்கிய வரலாறு பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லி அமைதியடைந்துவிடுகின்றது. பெயர் கிடைத்ததும் ஆளுமை, வாழ்க்கை, உலகநோக்கு என ஆய்வு விரியும். தனியொருவர் எழுதும் நூலுக்கு ஓரளவு பொருந்தும் இம்முறை, ஒரு நிறுவனத்தின் கலையகத்தில் மாதச் சம்பளம் பெறுவோரும் ஒப்பந்தத்துக்கு எழுதுவோரும் கூடி வாராவாரம் உருவாக்கும் ஆக்கத்தின் முன் தடுமாறி நிற்கின்றது. இத்தடுமாற்றத்தை ஆராய்வதற்கு ‘டொக்டர் ஹூ’ என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்கின்றோம். பொலிஸ் பெட்டியின் வடிவிலமைந்த கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் வேற்றுலகத்தவர் ஒருவரின் கதையாகிய இது, பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23ஆந் திகதி தொடங்கி, 1989இல் நின்று, 2005இல் மீண்டும் தளிர்த்தது. தமிழ்ச் சங்க ஏட்டில் இதற்கென்ன வேலை என வினவுவோர் இருக்கக்கூடும். வெகுசன சாதனங்களின் உற்பத்தி முறையை விளங்காது அவற்றின் கருத்துநிலை பற்றிப் பேசுவது அரைகுறை விமர்சனமாகவே முடியும் என்பதே எமது விடை.

இத்தொடரின் தோற்றத்தைச் சிட்னி நியூமன் என்ற கனேடியரின் கற்பனைக்கு உரித்தாக்குவது வழக்கம். அவர் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பி.பி.சி.யின் நாடகப் பிரிவுக்குத் தலைமையேற்க முன்னரே, 1962இல், விஞ்ஞானப் புனைகதை தொலைக்காட்சிக்கு ஏற்றதா என்பது பற்றி அங்கு அறிக்கைகள் தயாரிக்கப்பட்டிருந்தன. சனிக்கிழமை மாலையில் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் இளைஞருக்கான இசை நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருந்தது. அதிற் பார்வையாளர் 1955இல் தொடங்கிய வர்த்தகத் தொலைக்காட்சியின் பக்கம் போய்விடலாகாது என்பதே உடனடித் தேவை. நியூமனும் அவ்வர்த்தகத் துறையிலிருந்து அழைத்துவரப்பட்டவரே. டொனால்ட் வில்சன், சி.ஈ. வெபர், டேவிட் விற்றேக்கர், அந்தனி கோபேர்ண் ஆகிய பலரின் குறிப்புகளும் திருத்தங்களும் சேர்ந்தே தொடரின் அமைப்பு உருப்பெற்றது. கிரேக்க நாடகமும் விழாவின் தேவைக்கே எழுதப்பட்டது. ஆகவே, நிகழ்ச்சிநிரலின் இடைவெளியொன்றிலிருந்து பிறந்தமை இத்தொடருக்கு இழுக்காகாது.

தயாரிப்பாளராக நியமிக்கப்பட்ட வெரிற்றி லாம்பேர்ட்டுக்கு அப்போது வயது 27, பி.பி.சி. நாடகப் பிரிவில் அன்று தயாரிப்பாளராயிருந்த ஒரே பெண் அவர். முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் இலக்னோவிற் பிறந்தவர். ஆண்களும் வெள்ளையரும் நிறைந்த நிறுவனமொன்று இவ்விருவரிடமும் இத்தொடரை ஒப்படைத்தமையை அதன் முற்போக்குக்குச் சான்றாகச் சிலர் காட்டுவர். சிறுவருக்கும் குடும்பத்தினருக்குமென ஒதுக்கப்பட்ட, மதிப்புக் குறைந்ததெனக் கருதப்பட்ட ஒரு வேலை அவர்களுக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். இலண்டன் லைம் குறோவிலிருந்த பழைய கலையகமே அவர்களுக்குத் தரப்பட்டது. முதல் அத்தியாயத்தை நியூமன் ஏற்கவில்லை. அது மீண்டும் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டது.

இனி நாம் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் ஒலியும் உருவமும் ஆகும். தொடரின் முகப்பிசையை எழுதியவர் றொன் கிறெயினர். ஆனால் அவர் எழுதியது தாளில் உள்ள சுரக்குறிப்பே. அதனை ஒலியாக்கியவர் பி.பி.சி.யின் ரேடியோபொனிக் ஒலிக்கூடத்திற் பணிபுரிந்த டேலியா டேர்பிஷயர். அன்று இசைத்தொகுப்பிக் கருவிகள் அவர் கையில் இருக்கவில்லை. மீட்டிய தந்தி ஒன்றின் ஒலி, அலையாக்கியின் ஒலி, இரைச்சல் ஆகியவற்றை நாடாவிற் பதிந்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரத்தையும் பெற்று, அச்சுரத்தின் நீளத்துக்கு நாடாவை அளந்து வெட்டி ஒட்டி, அவ்வாறு அமைந்த நாடாக்களை ஒருங்கே ஓடவிட்டு, டிக் மில்ஸின் துணையோடு அவர் அதனை உருவாக்கினார். கேட்ட கிறெயினர், இதனை நானா எழுதினேன் என வியந்ததாகக் கூறுவர். டேர்பிஷயருக்கும் இசையமைப்பாளர் என்ற உரிமை வேண்டுமென அவர் விரும்பினார், நிறுவனம் இசையவில்லை. ஒலிக்கூடத்தில் இருப்போர் ஊழியர்; ஊழியருக்குப் பெயர் இல்லை. இது எவரதும் தனிப்பட்ட கொடுமையன்று, விதிதான். கொடுமையென்று எவருக்கும் தோன்றாதவாறு அமைந்திருந்ததே அவ்விதியின் வலிமை.

டாலெக் என்னும் எந்திரப் பகைவரின் கதை இன்னும் தெளிவானது. வேற்றுலக அரக்கர் வேண்டாமென நியூமன் கூறியிருந்தும், லாம்பேர்ட் வாதாடி அவற்றைக் காத்தார். 1963 டிசெம்பரில் அவை திரையில் தோன்றியதும் தொடரின் தலைவிதியே மாறியது. 1965இலும் 1966இலும் திரைப்படங்களும் வந்தன. பொம்மைகள் கடைகளை நிறைத்தன. எழுத்தாளர் ரெறி நேஷன் ஒப்பந்த அடிப்படையில் எழுதியவர். ஆதலால் டாலெக்கின் உரிமை அவருக்கும் பி.பி.சி.க்கும் பொதுவாயிற்று. அவர் செல்வந்தரானார். கால்களின்றி வழுக்கிச் செல்லும் உயிர் என்ற எண்ணம், நீண்ட பாவாடையணிந்து ஆடும் சோவியத் ஜோர்ஜிய நடனக் குழுவினரைக் கண்டு தோன்றியதென அவர் பின்னர் கூறியதுண்டு. ஆயின் உலகம் அறிந்த அவ்வுருவத்தை, உள்ளே ஒரு மனிதன் அமர்ந்து இயக்குதற்கு ஏற்ற அளவோடு வரைந்து அமைத்தவர் றேமன்ட் கியூசிக் என்ற வடிவமைப்பாளர். அவர் சம்பளம் பெறும் ஊழியர். சிறுதொகையொன்று அன்பளிப்பாகக் கிடைத்தது, அவ்வளவே. வேலைக்காலத்தில் ஊழியர் ஆக்குவது வேலைகொள்வோனுக்குரியது என்பது 1956ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் வகுத்த நெறி. நேஷனைக் குறைகூறுவதில் எமக்கு உடன்பாடில்லை. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் அற்ற எழுத்தாளர் பெற்ற பாதுகாப்பு அது. ஆனால் சொல்லாக்கம் படைப்பென்றும் கையாக்கம் பணியென்றும் பிரிக்கும் பழைய பிரிவினை இங்கே பணத்தின் மொழியில் எழுதப்பட்டுள்ளது. இடையே ஒரு வேடிக்கை: பொலிஸ் பெட்டியின் வடிவம் எவருக்கு உரியதென இலண்டன் பொலிசாரே பி.பி.சி.யுடன் வழக்காடி 2002இற் தோற்றனர்.

உற்பத்தி நிலைமைகள் கதைவடிவத்தையே நிர்ணயித்த இடங்களும் பல. முதல் நாயகர் வில்லியம் ஹாட்னெல் நோயுற்றபோது, 1966இல், நாயகனே வேறுடல் கொள்கிறான் என்ற உபாயம் பிறந்தது. நடிகர் மாறினும் தொடர் மாறாதிருக்க அதுவே வழியாயிற்று. 1970இல் வெளிவந்த ‘ஸ்பியர்ஹெட் ஃப்றொம் ஸ்பேஸ்’ என்ற கதை, கலையகத்திற் தொழிலாளர் போராட்டம் நிலவியதால், முழுவதும் வெளியிடங்களிற் படச்சுருளிலே எடுக்கப்பட்டது. அதன் அழகியல் வேறுபாட்டை நெறியாளரின் திறனாகப் போற்றுவோர் அக்காரணத்தை மறந்துவிடுகின்றனர். 1979இலோ டக்ளஸ் அடம்ஸ் எழுதிய ‘ஷாடா’ மற்றொரு தொழிற்பிணக்கினால் இடையில் நின்றது. திரைமேடை இழுப்போரும் மின்னொளி ஏற்றுவோரும் வேலையை நிறுத்தும்போதுதான் அவர்களும் இவ்வாக்கத்தின் ஆசிரியர் என்பது புலனாகின்றது.

இவற்றையெல்லாம் விட எம்மை அதிகம் உறுத்துவது அழிப்பின் வரலாறு. முதல் ஆறு பருவங்களில் 253 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. 1967 தொடக்கம் 1978 வரை பி.பி.சி. தன் ஒளிநாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த 16 மில்லிமீற்றர்ப் படச்சுருள்களையும் பெருமளவில் வீசியது. நாடா விலையுயர்ந்தது, வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் கறுப்பு வெள்ளைக்கு வாங்குவோர் இல்லை. பரிவர்த்தனைப் பெறுமதி தீர்ந்த பண்டம் குப்பையாயிற்று என முடித்துவிடலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. நடிகர் சங்கமாகிய ‘எக்குவிற்றி’யுடன் செய்த உடன்பாடுகள், ஒரு நிகழ்ச்சியை எத்தனை முறை, எவ்வளவு காலத்துள் மறுஒளிபரப்புச் செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தின. அக்காலம் கடந்தால் நாடாவை வைத்திருப்பதற்கு நிருவாகம் காரணம் காணவில்லை.

எமது மரபைச் சார்ந்தோர் இவ்விடத்தை மெல்லக் கடந்து செல்லவே விரும்புவர். நாம் அவ்வாறு செய்தல் தகாது. பழைய நாடகங்களையே திரும்பத் திரும்பக் காட்டினால் புதிய வேலை இல்லாதுபோகும் என்ற நடிகரின் அச்சம் நியாயமானது. எந்திரத்தில் உறைந்த தம் முந்திய உழைப்பே தமக்குப் போட்டியாக வந்து நிற்பதை அவர்கள் கண்டனர். எனினும் அந்த நியாயமான கோரிக்கையின் விளைவாகவே அவ்வுழைப்பின் தடயமும் அழிவதற்கு ஏது உண்டாயிற்று. சங்கம் கேட்டது ஒளிபரப்புக்கு எல்லை. அழிக்கத் தீர்மானித்தது உடைமையாளர். இவ்வேறுபாடு முக்கியமானது. ஆயினும் பண்பாட்டைப் பேணுதல் எவரது பொறுப்பு என்பது அப்பேச்சுவார்த்தை மேசையில் இரு பக்கத்தாராலும் எழுப்பப்படாத வினாவாகவே இருந்திருக்கின்றது என்று நாம் கருதுகின்றோம். 1983இல் ஜோன் ரலக்கும் மனுவெல் அல்வறாடோவும் இத்தொடர் பற்றி எழுதிய நூல் நிறுவனத்தையும் தொழில்முறைக் கருத்துநிலையையும் கவனத்திற் கொண்ட முன்னோடி முயற்சி. அவ்வழியில் மேலும் சென்றாற் சேரவேண்டிய வினா இதுவே.

அழிந்தவை ஓரளவு மீண்டதும் விந்தையான வழியிலேதான். மலிவான படச்சுருட் பிரதிகள் முன்னைய குடியேற்ற நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டு, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கைமாறிச் சென்றன. மையத்தில் அழிந்தது விளிம்பில் எஞ்சியது. ‘ரூம் ஒவ் த சைபர்மென்’ என்ற கதை ஹொங்கொங்கிலிருந்து திரும்பியது; 2013 ஒக்ரோபரில் நைஜீரியாவின் ஜொஸ் நகரத்துக் களஞ்சியமொன்றிற் கிடந்த 9 அத்தியாயங்கள் கண்டெடுக்கப்பட்ட செய்தி வெளியாகியது. அதன் பின்னும் 97 குறைந்தன. அவற்றின் படம் இல்லையேனும் ஒலி முழுவதும் உண்டு. வீட்டிலிருந்த இரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நாடாப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்தவை அவை.

அதே 2013ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கியூசிக் காலமானார். நவம்பரில் ஒளிபரப்பான ஐம்பதாம் ஆண்டு நிறைவுக் கதையின் முடிவிற்றான், முகப்பிசைக்குக் கிறெயினரின் பெயரோடு டேர்பிஷயரின் பெயரும் முதன்முதலாகத் திரையிற் காட்டப்பட்டது. அவர் இறந்து அப்போது 12 ஆண்டுகள்.