மூளையின் பங்கு எவ்வளவு?

ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள குழந்தையோடு மருத்துவரிடம் போன தாய், பழியைச் சுமந்துகொண்டுதான் திரும்பினாள். தாயின் பாசக்குறைவே குழந்தையைத் தனக்குள் ஒடுங்க வைத்தது என்பார்கள். 1967இல் வந்த புருனோ பெட்டல்ஹைமின் நூல் அந்தக் கருத்தை இன்னும் பரப்பியது. பத்தாண்டு கழித்து சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் உருவான 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருக்களாக உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மரபின் பங்கை அது காட்டியது, தாய்மார் மீதான பழி ஆட்டம் கண்டது. மனித நடத்தைக்கு உடலில் காரணம் தேடும் உயிரியல் அணுகுமுறை செய்த நன்மைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மனச்சோர்வு நோய்க்கு வந்தபோது அதே அணுகுமுறை சறுக்கியது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் என்ற மருந்து நோயாளிகளை உற்சாகப்படுத்தியது. அந்த வகை மருந்துகள் மூளையில் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருட்களைக் கூட்டுகின்றன என்று தெரிந்ததும், அவை குறைவதுதான் நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் வேரூன்றியது. குணமாக்கும் வழியை வைத்து நோயின் காரணத்தை ஊகித்த தர்க்கம் அது. பிற்பாடு வந்த மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே செரோட்டோனினைப் பாதிக்கின்றன. மனம் தேறவோ வாரக்கணக்கில் ஆகிறது. இந்த இடைவெளியே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். செரோட்டோனின் குறைவுக்குச் சீரான சான்று இல்லை என்று 2022இல் ஜோனா மான்கிரீஃப் குழு தொகுத்துச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 522 சோதனைகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. பலருக்கு அது உயிர் காக்கும் உதவி. பிழை இருப்பது விளக்கத்தில்.

அந்த விளக்கத்தில் விடுபட்டதை 1978லேயே ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் எழுதிவிட்டார்கள். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் பேசி அவர்கள் கண்டது இது: மனம்விட்டுப் பேச நெருக்கமான துணை இல்லாமை, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள், வெளிவேலை இல்லாமை, 11 வயதுக்குள் தாயை இழந்தது ஆகியவை இருந்தால், ஒரு பேரிடி விழும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. இவற்றில் எதுவும் ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாது. அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். செரோட்டோனின் குறைவு என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்ட மருத்துவர் அதைக் கேட்பதே இல்லை.