அறியப்படாத அன்பு: இரு திரைப்படங்களும் ஒரு கிறிஸ்துமஸ் கேள்வியும்

கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் மாலை, எங்கள் பங்கு மன்றத்தில் ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படத்தைத் திரையிட்டோம். ஃபிராங்க் காப்ரா இயக்கி 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அது. வெளிவந்த காலத்தில் அது பெரும் வசூலை ஈட்டவில்லை. 1974-இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமற் போகவே, அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. மக்கள் கைவிட்ட படம் இவ்வாறு மக்களின் கிறிஸ்துமஸ் படமாயிற்று.

உரையாடல்களை நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி முன்வரிசையிலிருந்து கேட்டார்: “நல்ல படந்தான் சாமி. கடைசியில ஊரே ஓடி வந்து அந்த மனுசனைத் தாங்கிக்கிச்சு. நம்ம கேத்தி ஸ்டேஷன்ல மழையில நின்னாரே அந்த வாத்தியாரு, அவருக்கு யாரு சாமி வந்தா?”

மன்றத்தில் சிலர் சிரித்தனர். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் குறிப்பிட்டது 1982-இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா, நமது கேத்தியிலும் உதகையிலும் எடுத்த படம். அது கிறிஸ்துமஸ் படமன்று. ஆயினும் அம்மூதாட்டியின் கேள்வி அவ்விரு படங்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

ஜார்ஜ் கண்ட ஓர் இரவு

காப்ராவின் கதைத்தலைவன் ஜார்ஜ் பெய்லி உலகைச் சுற்றிவர விரும்பியவன். ஆனால் பிறந்த சிற்றூரை விட்டு அவன் வெளியேறவே இல்லை. பனிநீரில் மூழ்கிய தம்பியைக் காப்பாற்றியதில் ஒரு காதின் செவிப்புலனை இழக்கிறான். தந்தை இறந்தபின், அவர் நடத்திவந்த வீட்டுக் கடன் சங்கத்தைத் தான் ஏற்றுக்கொண்டு, கல்லூரிக்கெனச் சேர்த்த பணத்தில் தம்பியைப் படிக்க வைக்கிறான். பாட்டர் என்னும் செல்வந்தனின் வாடகைக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்த ஏழைகள், அச்சங்கத்தின் உதவியால் சொந்த வீடு கட்டிக் குடியேறுகின்றனர். குடிபெயர்ந்து வந்த இத்தாலியக் குடும்பம் ஒன்று புதுவீட்டு வாசலில் நிற்க, ஜார்ஜும் அவன் மனைவி மேரியும் அப்பம், உப்பு, திராட்சை இரசம் தந்து வாழ்த்தும் காட்சியைக் கண்டபோது எங்கள் மன்றத்தில் ஆழ்ந்த அமைதி நிலவியது. லைன் வீட்டில் பிறந்து, பணி ஓய்வு பெற்ற நாளில் அவ்வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியவர்களுக்குச் சொந்த வாசற்படியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் சங்கத்தின் 8,000 டாலர் காணாமற் போகிறது. சிறை செல்ல நேருமென அஞ்சிய ஜார்ஜ், தான் உயிரோடிருப்பதைவிடக் காப்பீட்டுத் தொகைக்காகச் சாவதே குடும்பத்துக்கு நல்லதென்று எண்ணிப் பாலத்தின்மேல் நிற்கிறான். 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, ஏறத்தாழ இதே கணக்கைப் போட்டுப் பார்த்த சிறு விவசாயிகளோடு இரவெல்லாம் பேசியிருந்திருக்கிறேன். ஆதலால் இக்காட்சி எனக்கு வெறும் கற்பனையன்று.

அவனைக் காக்க வரும் கிளாரன்ஸ் என்னும் வானதூதர், அவன் பிறந்திராவிட்டால் அவ்வூர் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் காட்டுகிறார். வீடுகள் இருந்த இடம் கல்லறைத் தோட்டமாகக் கிடக்கிறது. தம்பி சிறுவயதிலேயே இறந்திருக்கிறான். எல்லாவற்றிலும் கொடியது, பெற்ற தாய் அவனை அறியாமல் கதவைச் சாத்துவதும், மனைவி அவனைக் கண்டு அலறுவதுமே. வறுமையைத் தாங்கியவன், கனவுகளின் இழப்பைத் தாங்கியவன், அன்புக்குரியோரின் கண்களில் தான் இல்லாமற் போனதை மட்டும் தாங்க முடியாமல் தவிக்கிறான். மீண்டும் வாழ வேண்டுமென மன்றாடுகிறான். வாழ்வு திரும்பக் கிடைக்கிறது. ஊரார் பணத்தோடு வந்து வீட்டை நிறைக்கின்றனர்.

கேத்தியில் பெய்த மழை

'மூன்றாம் பிறை'யின் சீனு ஓர் எளிய பள்ளி ஆசிரியன். விபத்தில் நினைவிழந்து, குழந்தை மனத்தினளாகிவிட்ட இளம்பெண் ஒருத்தி விலைமாதர் விடுதியில் விற்கப்பட்டிருப்பதைக் கண்டு, அவளை மீட்டுக் கேத்திக்கு அழைத்து வருகிறான். உணவூட்டுகிறான், உறங்க வைக்கிறான், குரங்குபோல் ஆடிக்காட்டிச் சிரிக்க வைக்கிறான். அவளது அறியாமையைத் தன் இச்சைக்குப் பயன்படுத்திக்கொள்ள அவன் நினைப்பதே இல்லை. குணமாக்கக்கூடிய வைத்தியர் ஒருவர் இருப்பதை அறிந்ததும் அவரிடம் அழைத்துச் செல்பவனும் அவனே.

அவள் குணமடைகிறாள். விபத்துக்கு முந்திய வாழ்வு முழுவதும் நினைவுக்கு வருகிறது. இடையில் சீனுவோடு வாழ்ந்த நாட்கள் மட்டும் அழிந்துவிடுகின்றன. பெற்றோருடன் அவள் இரயிலில் அமர்ந்திருக்க, சீனு சேற்றில் விழுந்து எழுந்து, நொண்டியபடி ஓடி வருகிறான். பழைய குரங்காட்டத்தை மீண்டும் ஆடிக்காட்டுகிறான். யாரோ சித்தம் கலங்கியவன் என்று அவள் எண்ணுகிறாள். இரயில் புறப்பட்டுவிடுகிறது.

இருபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இரண்டின் உச்சக்கட்டத்திலும் மனிதனுக்கு நேரும் துன்பம் ஒன்றே: நேசித்தவர் தன்னை அறியாதிருத்தல். ஜார்ஜுக்கு அது ஓரிரவுச் சோதனை. சீனுவுக்கோ ஆயுள் தண்டனை. ஜார்ஜின் பக்கத்தில் வானதூதர் நின்றார். சீனுவின் பக்கத்தில் மழை மட்டுமே நின்றது.

குறைகளும் சொல்லப்பட வேண்டும்

திறனாய்வு என்பது பாராட்டுரை மட்டுமன்று. காப்ராவின் படத்தை 'நல்லது செய்தால் நல்லது திரும்பி வரும்' என்னும் வணிகக் கணக்காக எளிதில் சுருக்கிவிடலாம்; பலர் அவ்வாறே அதைப் புரிந்துகொள்கின்றனர். ஆனால் இயக்குநர் அத்துணை எளியவரல்லர். தொலைந்த பணம் பாட்டரிடமே இருக்கிறது, அவன் தண்டிக்கப்படுவதில்லை. ஜார்ஜின் பயணக் கனவும் நிறைவேறுவதில்லை. மாறுவது அவனது பார்வை ஒன்றே. தன் வாழ்வு வீணன்று என்பதை அவன் தானாகக் கண்டுகொள்ளவில்லை. அது அவனுக்குக் காட்டப்படுகிறது. அருள் என்பதும் அதுவேயன்றோ! ஊரார் அவனுக்காகச் செபிக்கும் குரல்களோடு படம் தொடங்குவதையும் மறந்துவிடலாகாது.

'மூன்றாம் பிறை'யிலும் உறுத்தல்கள் உண்டு. தலைமை ஆசிரியரின் இளம் மனைவியாகச் சிலுக்கு ஸ்மிதா வரும் பகுதி, ஒரு பெண்ணின் தனிமையைப் பேச வாய்ப்பிருந்தும், அவள் உடலைக் காட்சிப் பொருளாக்குவதிலேயே நின்றுவிடுகிறது. சீனுவின் அன்பும் முற்றிலும் மாசற்றதன்று. அப்பெண்ணின் பெற்றோரைத் தேடிக் கண்டுபிடிக்க அவன் பெருமுயற்சி எடுத்ததாகப் படம் காட்டவில்லை. அவள் தன்னோடு இருக்க வேண்டும் என்னும் ஆசை அவனது பணிவிடைக்குள் மறைந்திருக்கிறது. அதனாற்றான் அந்தப் பிரிவு அவனை உடைக்கிறது. மேடையில் அவன் ஆடும் ஆட்டம் 'என்னை நினைத்துக்கொள்' என்னும் மன்றாட்டு. மனித அன்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. கொடுத்துக்கொண்டே கையேந்தி நிற்கிறது. அதைப் பொய்யின்றிக் காட்டியதே பாலு மகேந்திராவின் நேர்மை. அவ்வாண்டில் இப்படத்தின் ஒளிப்பதிவுக்காக அவரும், நடிப்புக்காகக் கமல்ஹாசனும் தேசிய விருது பெற்றது பொருத்தமே.

குடிலில் கிடப்பவர்

இவ்விரண்டில் கிறிஸ்து பிறப்பின் செய்திக்கு அணுக்கமானது எது? விழாக்காலத்தின் மகிழ்ச்சி ஜார்ஜின் வீட்டில் இருக்கிறது. ஆனால் நற்செய்தியின் தொடக்கம் கேத்தி இரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது என்றே துணிந்து சொல்வேன். தமக்குரியோரிடம் வந்தும் அவர்களால் ஏற்றுக்கொள்ளப்படாதவரைப் பற்றியன்றோ யோவான் எழுதுகிறார்! கடவுள் தன்மையில் விளங்கியவர் தம்மையே வெறுமையாக்கிக்கொண்டதைப் பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் விவரிக்கிறார். விடுதியில் இடம் மறுக்கப்பட்டவர், உயிர்த்த பின்னும் எம்மாவு வழியில் அறியப்படாதவராகவே நடந்தார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பத்துத் தொழுநோயாளர் நலமடைந்தனர். ஒருவரே திரும்பி வந்தார். எஞ்சிய ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அவருக்கும் வலித்தது. ஆனால் அவர்களுக்குத் தந்த நலத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. நன்றி கிடைக்காமற் போகலாம். நலம் நலமாகவே நிற்கிறது. சீனுவின் கண்ணீரை மட்டுமே காணும் நாம், இரயிலில் அமர்ந்திருப்பவள் நலமுற்ற ஒருத்தி என்பதைக் காணத் தவறுகிறோம். அவள் மறந்தது அவனை. அவன் தந்த வாழ்வோ அவளோடு பயணம் செய்கிறது.

இவ்வாறு ஏதோ நான் விளக்கிக்கொண்டிருக்க, அம்மூதாட்டி தம் கதையைச் சொன்னார். அவரது இசைவோடு இங்கே எழுதுகிறேன். இளவயதில் சில ஆண்டுகள் அவர் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்தார். கைக்குழந்தையாக அவரிடம் வந்த சிறுமி, ஐந்து வயதில் பெற்றோருடன் ஊர் மாறிச் சென்றுவிட்டாள். நெடுங்காலத்துக்குப் பின், கணவனோடும் பிள்ளைகளோடும் காரில் வந்த ஒரு பெண் சாலையோரம் நிறுத்தி, அந்தப் பங்களாவுக்கு வழி கேட்டாள். நெற்றித் தழும்பைக் கண்டு இவர் அறிந்துகொண்டார், அவள் அறியவில்லை.

“நீங்க யாருன்னு சொல்லலையா பாட்டி?” என்று ஓர் இளைஞன் கேட்டான்.

“சொன்னா அந்தப் புள்ளைக்குச் சங்கடமா இருக்குமேய்யா. வழியைச் சொல்லி அனுப்பிட்டேன். வளத்தியா, நல்லா இருந்துச்சு.”

குருமடத்தில் நான் கற்ற இறையியல் அவ்விடத்தில் வாய்மூடி நின்றது. சீனு கேட்டுக் கதறியதை இவர் கேட்கவே இல்லை. அவருக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பேசும்போது முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நம்மைத் தூக்கி வளர்த்தோர், எழுத்தறிவித்தோர், நோயில் கண்விழித்தோர் என எத்தனையோ பேர், நாம் ஏறிவந்த இரயில் நிலையங்களில் நிற்கின்றனர். இக்கிறிஸ்து பிறப்பு விழாவில் குடிலின் முன் முழந்தாளிடும்போது, அவர்களுள் ஒருவரது பெயரையாவது நினைவுக்குக் கொண்டுவருவோம். அவர் உயிரோடிருந்தால், விழாப் பலகாரத்தோடு அவர் வீட்டு வாசலுக்குச் சென்று, நாம் யாரென்று நாமே சொல்வோம்.