“அண்ணே, ஸ்டாண்டு!”

பின்னாலிருந்து ஒரு ஹாரன். வழிகேட்கும் அதட்டலாக இல்லாமல், சின்னதாக இரண்டு முறை. பக்கத்தில் ஒட்டி வரும் பைக்கிலிருந்து “அண்ணே, ஸ்டாண்டு!” என்று ஒரு குரல். குதிகாலால் தட்டினால், ஸ்பிரிங் இழுக்க ‘டக்’கென்று மேலேறுகிறது சைடு ஸ்டாண்டு. இடப்பக்கம் திரும்பும்போது அது தரையில் இடித்திருந்தால் வண்டி கவிழ்ந்திருக்கும். நன்றி சொல்வதற்குள் அவர் நெரிசலில் கலந்திருப்பார்.

நம்மூர்ச் சாலைகளின் இந்த மரியாதைக்குத் தனி நேர்த்தி உண்டு. வலது கை ஆக்சிலேட்டரை விட முடியாது. அதனால் பேச்செல்லாம் இடது கையும் காலும்தான். எதிரே வருபவர் இடது காலை லேசாக உதறிக் காட்டினால் ஸ்டாண்டு. விரல்களைக் குவித்து விரித்தால் பகலில் விளக்கு எரிகிறது. 2017 முதல் புதுவண்டிகளில் விளக்கு எப்போதும் எரிவதால், அந்தச் சைகை மட்டும் மெல்ல மறைகிறது. “அம்மா, சேலை! சக்கரத்துல மாட்டப்போகுது!” என்னும்போது மட்டும் குரல் பதறும், அங்கே சைகைக்கு நேரமில்லை. ஹெல்மெட்டுக்குள் இருப்பவர் யாரென்று யாரும் கேட்பதில்லை. அடுத்தமுறை யாராவது சொன்னால் கையை உயர்த்திக் காட்டுங்கள். நீங்களும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.