அச்சுப் பக்கத்தின் லட்சணம்

நூலொன்றைக் கையில் எடுக்கும் வாசகன் அதிலுள்ள விஷயத்தைப் படிக்கிறானேயன்றி, எழுத்தின் தடிப்பையும், வரிகளுக்கு இடையே விட்ட வெளியையும், ஓரங்களின் அகலத்தையும் அளந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆயினும் அவன் சிரமமின்றி நூறு பக்கம் படித்துச் செல்வதற்கும், பத்தாம் பக்கத்திலேயே கண் சோர்ந்து நூலை மூடி வைப்பதற்கும் அந்த அளவுகளே பலவேளைகளில் காரணமாகின்றன என்பதை அச்சுத் தொழிலில் ஊறியவர்கள் நன்கறிவார்கள். அவ்வளவுகளை ஆராய்ந்து வகுத்தும், வகுத்தவற்றை மறுத்தும், மறுத்தவற்றை மீண்டும் கைக்கொண்டும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்திருக்கும் ஐரோப்பிய அச்சுக்கலையில் வெனிஸ், பாரிஸ், பர்மிங்ஹாம், பார்மா, லண்டன், டெஸ்ஸௌ, பாஸல் என்று ஊர்தோறும் ஒரு சம்பிரதாயம் தோன்றிற்று. ஒன்றையொன்று கடுமையாகக் கண்டித்துக்கொண்ட இச்சம்பிரதாயங்களை ஒருசேர வைத்து நோக்குவோமானால், அவை யாவும் வாசகனின் கண்ணையே தமக்குப் பிரமாணமாகக் கொண்டிருந்தன என்பதும், அளவுகள் மாறினவேயன்றி அப்பிரமாணம் மாறவில்லை என்பதும் தெளிவாகும். தமிழ்ப் பக்கத்தைச் செவ்வனே அமைக்க விரும்பும் நாம் அவர்களிடமிருந்து பெறவேண்டியது அந்தப் பிரமாணத்தைத்தான்; அளவுகளை நம் எழுத்தின் இயல்பிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

எழுத்து

1455-ஆம் ஆண்டையொட்டி மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்டு முடித்த விவிலியம், பக்கத்துக்கு இரண்டு பத்தியும் பத்திக்கு 42 வரியுமாக, ஜெர்மானியப் பிரதியாளர்கள் அகன்ற இறகு முனையால் நெருக்கி எழுதிவந்த கருமையான எழுத்தையே உலோகத்தில் வார்த்துக்கொண்டது. அந்தக் கருமை இத்தாலியப் பண்டிதர்களுக்கு உகந்ததாக இல்லை. அவர்களிடையே வழங்கிய உருண்டையான கையெழுத்தைத் தழுவி 1470-இல் வெனிஸில் நிக்கோலா ஜென்ஸன் உருவாக்கிய ரோமன் எழுத்தில், எந்த எழுத்தும் தனித்துத் துருத்திக்கொண்டு நில்லாமல், பக்கம் முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிறப் பரப்பாகத் தோன்றிற்று. அந்தச் சீர்மையே நல்ல எழுத்துக்கு முதல் லட்சணமென்று இன்றளவும் கருதப்படுகிறது. அதே நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்னும் பதிப்பாளர், பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற செதுக்குக் கலைஞரைக் கொண்டு சாய்வெழுத்தை அமைத்து, 1501-இல் விர்ஜிலின் காவியத்தைக் கையடக்கமான பதிப்பாக வெளியிட்டார். இன்று ஒரு சொல்லை வற்புறுத்திக் காட்டுவதற்கு நாம் ஆளும் சாய்வெழுத்து, சிறு நூலின் முழு வாசகத்துக்குமாகப் பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பதினாறாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கிளாட் கராமோன் இந்த வெனிஸ் மரபை மேலும் மென்மையாக்கினார். 1561-இல் அவர் மறைந்தபின் அவருடைய எஃகு முத்திரைகளில் ஒரு பகுதியை ஆன்ட்வெர்ப் நகரத்துப் பிளான்டன் வாங்கிக்கொண்டமையால், அவற்றை இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் காணலாம். இங்கிலாந்தில் வில்லியம் காஸ்லன் வார்த்த எழுத்துகள் உழைப்புக்கும் உறுதிக்கும் பெயர்பெற்றிருந்த காலத்தில், பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் எழுத்தின் மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் உள்ள பேதத்தைக் கூர்மையாக்கினார். அந்த நுட்பம் தாளில் சிதையாமல் விழவேண்டுமென்று மையைக் கருமையாக்கி, தாளை வழவழப்பாக்கி, அச்சு இயந்திரத்தையும் திருத்தி, 1757-இல் தம் விர்ஜில் பதிப்பை வெளியிட்டார். எழுத்து, மை, தாள் ஆகிய மூன்றும் ஒரே கலையின் அங்கங்கள் என்று செய்து காட்டிய பெருமை அவருடையது.

அவர் எழுத்து கண்ணைக் கெடுக்கிறது என்று பழித்தவர்களும் இருந்தார்கள். அவ்வாறு பழித்த ஒருவரிடம் பெஞ்சமின் ஃபிராங்க்லின், காஸ்லனுடைய மாதிரித் தாளின் தலைப்பைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில்லின் எழுத்து என்று கொடுத்ததையும், அந்தக் கனவான் தாம் நாள்தோறும் படித்துப் பழகிய எழுத்தென்று அறியாமலே அதன் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்ததையும் 1760-இல் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். கண்ணைப் பிரமாணமாகக் கொள்ளும்போது, கேள்வியால் வந்த அபிப்பிராயத்தைக் கண்ணின் தீர்ப்பென்று மயங்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பார்மா நகரத்துப் பொடோனியும் பாரிஸின் டிடோ குடும்பத்தாரும் கோடுகளின் பேதத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றார்கள். பொடோனி மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1818-இல், அவர் மனைவியார் வெளியிட்ட எழுத்து மாதிரி நூல் அந்த மரபின் சிகரம். அளவைகளும் இக்காலத்திலேயே நிலைபெற்றன. 1737-இல் ஃபூர்னியே வகுத்த பாயிண்ட் முறையைப் பின்னர் டிடோ செப்பனிட்டார். இன்று 12 பாயிண்ட் கொண்டது ஒரு பைக்கா என்று வழங்குகிறோம்.

பின் வந்த இயந்திர யுகத்தில் விளம்பரத்தின் பொருட்டுப் பருத்த எழுத்துகளும் அலங்கார எழுத்துகளும் மலிந்து, நூலின் பக்கம் பொலிவிழந்தது. அதனைக் கண்டு வெகுண்ட வில்லியம் மோரிஸ் 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி, ஜென்ஸனிடமே மீண்டு சென்றார். 1896-இல் அவர் முடித்த சாஸர் பதிப்பின் கனத்த அலங்காரம் பிறர் கைக்கொள்ளக்கூடியதன்று. ஆனால் அவர் மீட்டெடுத்த சிரத்தை ஒரு தலைமுறையையே ஆட்கொண்டது. 1932-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக ஸ்டான்லி மோரிஸன் மேற்பார்வையில் உருவான எழுத்து, குறுகிய பத்தியில் மிகுந்த சொற்களைத் தெளிவாக அடக்குவதென்ற ஒரு குறிப்பிட்ட தேவைக்குப் பிறந்து உலகெங்கும் பரவியது.

அமைப்பு

பக்கத்தின் அமைப்பைப் பற்றிய விவாதம், எழுத்தின் வடிவைப் பற்றியதைக் காட்டிலும் உக்கிரமானது. ஒரு தனிப் பக்கமன்று, விரித்த நூலில் எதிரெதிரே நிற்கும் இரு பக்கங்களே ஓர் அலகு என்பது மோரிஸின் போதனை. உள்ளோரம் யாவற்றினும் குறுகியும், மேலோரம் அதனினும் சற்று அகன்றும், வெளியோரம் மேலும் அகன்றும், அடியோரம் யாவற்றினும் அகன்றும் இருத்தல் வேண்டும் என்றார். வாசகனின் பெருவிரல் எழுத்தை மறைக்காமல் நூலைப் பற்றிக்கொள்வதற்கு இந்த அகலம் இடங்கொடுக்கிறது. இரு பக்கத்து எழுத்துப் பரப்பும் நடுவில் ஒன்றையொன்று நெருங்கி ஒரே உருவமாகத் தெரிகின்றன.

இந்தச் சமச்சீர் மரபை எதிர்த்தெழுந்தது ஜெர்மனியின் புதிய இயக்கம். 1919-இல் வைமாரில் வால்ட்டர் க்ரோபியஸ் நிறுவி, 1925-இல் டெஸ்ஸௌவுக்குப் பெயர்ந்து, 1933-இல் நாஜி ஆட்சியில் மூடப்பட்ட பௌஹவுஸ் கலாசாலையில், அலங்காரத்தை நீக்கிப் பயனை முன்னிறுத்தும் வடிவமே இக்காலத்து வடிவம் என்று போதித்தார்கள். அவ்வழியில் உள்ளம் பற்றிய யான் சிக்கோல்ட் 1928-இல் எழுதிய நூல், பக்கத்தின் நடு அச்சில் யாவற்றையும் அடுக்கும் பழக்கத்தைப் புறந்தள்ளி, பொருளின் முக்கியத்துவத்துக்கேற்ப எழுத்தும் வெளியும் சமமற்று நிற்கும் அமைப்பை வற்புறுத்தியது. நாஜிகளால் சிறைவைக்கப்பட்டு, பின்னர் ஸ்விட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்த அவர், தம் பழைய கொள்கையின் விட்டுக்கொடுக்காத கடுமையில் தம்மை விரட்டிய ஆட்சியின் மனப்பாங்கே சாயலாகத் தெரிவதைக் கண்டு, நூல்களுக்குச் சமச்சீர் அமைப்பே பெரிதும் பொருந்தும் என்று மனம் மாறினார். 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் பெங்குயின் பதிப்பகத்தில் மலிவுப் பதிப்புகளுக்கு அவர் எழுதி வைத்த அச்சுக்கோப்பு விதிகள் சில பக்கங்களே. ஆயினும் லட்சக்கணக்கான வாசகர்கள் அவற்றின் பயனை நுகர்ந்தார்கள். இடைக்காலச் சுவடிகளை அளந்து அவர் கண்ட மரபும் இங்கே கூறத்தக்கது: இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்த பக்கத்தில் உள், மேல், வெளி, அடி ஓரங்கள் முறையே 2, 3, 4, 6 என்ற விகிதத்திலும், உள்ளோரம் தாளின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்காகவும் நின்றால், எழுத்துப் பரப்பின் உயரம் தாளின் அகலத்துக்குச் சமமாகிவிடும்.

சிக்கோல்ட் கைவிட்ட கொள்கையை ஸ்விட்சர்லாந்தின் இளைய தலைமுறை எடுத்து வளர்த்தது. பாஸலில் எமில் ரூடரும் ஆர்மின் ஹோஃப்மனும், ஸூரிக்கில் யோசெஃப் முல்லர்-ப்ரோக்மனும் பக்கத்தைக் கட்டங்களாக வகுத்து, எழுத்தும் படமும் அக்கட்டங்களின் எல்லையிலேயே தொடங்கி முடியும்படி செய்தார்கள். 1957-இல் அட்ரியன் ஃப்ருட்டிகர் யூனிவெர்ஸ் எழுத்துக் குடும்பத்தை 21 வகைகளாக, பெயரால் அல்லாமல் எண்ணால் குறித்து வெளியிட்டார். பின்னர் ஹெல்வெட்டிகா என்று பெயர்பெற்ற மீடிங்கரின் எழுத்தும் அதே ஆண்டினது. ஒரே விஷயத்தைப் பல பாஷைகளில் அருகருகே அச்சிட வேண்டிய அந்நாட்டுக்குக் கட்டமைப்பு ஒரு நியாயமான விடையாயிற்று. சங்கீதக் கச்சேரியில் தம்புராவின் சுருதி போல் பக்கத்தின் வெற்றிடம் ஏனையவற்றைத் தாங்கி நிற்கிறது என்பதை, முல்லர்-ப்ரோக்மன் ஸூரிக் நகரத்து இசையரங்குக்கு வரைந்த சுவரொட்டிகளைக் கண்டவர் உணர்வர். மோரிஸும் சிக்கோல்ட்டும் ஸ்விஸ் ஆசிரியர்களும் வேறெதிலும் உடன்படாவிடினும், வெளியை மிச்சமென்று கருதாமல் உபகரணமென்று கருதியதில் ஒன்றுபடுகிறார்கள்.

வர்ணம்

அச்சில் வர்ணம் புகுந்தது அலங்காரத்துக்கு மட்டுமன்று. 1457-இல் ஃபுஸ்டும் ஷோஃபரும் மைன்ஸில் வெளியிட்ட விவிலியத் துதிப்பாடல் புத்தகத்தில் சிவப்பிலும் நீலத்திலும் அச்சான முதலெழுத்துகள், இங்கே புதிய பகுதி தொடங்குகிறது என்று ஓதுபவனுக்கு அறிவித்தன. வழிகாட்டுவதே நூலில் வர்ணத்தின் ஆதித் தொழில்.

அதன் சாஸ்திரமோ பல துறையினரின் கூட்டு முயற்சி. நியூட்டன் 1704-இல் ஒளியின் நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டினார். 1810-இல் கதே, நிறம் காண்பவனின் கண்ணிலும் உள்ளத்திலும் நிகழும் அனுபவம் என்று வாதிட்டார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாலத்தை அமைத்தவர் ஷெவ்ரூல் என்னும் ரசாயன அறிஞர். பாரிஸில் கோப்லென் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்த அவரிடம், நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாக நெய்த கறுப்பு நூல் வலுவற்றுத் தோன்றுகிறது என்ற முறையீடு வந்தது. சாயத்தைச் சோதித்த அவர், அதில் குறையொன்றுமில்லை என்றும், அண்டை நிறமே கறுப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்றும் கண்டு, 1839-இல் தம் பெருநூலை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் மன்ஸெல், சாயல், வெளிர்மை, செறிவு என்ற மூன்று குணங்களால் ஒவ்வொரு நிறத்தையும் குறிக்க வழி செய்தார். பௌஹவுஸில் ஆசிரியராயிருந்த இட்டன், நிறங்களின் மாறுபாட்டை ஏழாக வகுத்தார். அங்கேயே பயின்று ஆசிரியரான ஆல்பர்ஸ் 1963-இல் அமெரிக்காவில் வெளியிட்ட நூலில், ஒரே நிறம் இரு பின்னணிகளில் இரண்டாகத் தோன்றுவதைத் தாள் துண்டுகளைக் கொண்டே மாணவன் கண்டுகொள்ளும்படி செய்தார்.

பக்கம் அமைப்பவருக்கு இவற்றால் வரும் பயன் மிகத் தெளிவானது. எழுத்தைப் படிக்க உதவுவது சாயலின் பேதமன்று, வெளிர்மையின் பேதமே. சிவப்பும் நீலமும் எவ்வளவு மாறுபட்ட நிறங்களாயினும், ஒத்த வெளிர்மையில் ஒன்றின்மேல் ஒன்றை அச்சிட்டால் விளிம்புகள் அதிர்ந்து கண்ணை வருத்தும். கணினித் திரைக்கு இன்று வகுத்துள்ள அணுகல் நெறிகள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளியளவில் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதம் வேண்டும் என்பதும் இந்த நியாயம் பற்றியே.

தமிழ்ப் பக்கம்

1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தொடங்கி, 1715-இல் தரங்கம்பாடியில் முற்றுப்பெற்ற புதிய ஏற்பாடு, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஆறுமுக நாவலர் நடத்திய அச்சுக்கூடங்கள், 1862-இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதி என்று தமிழ் அச்சுக்கும் ஒரு மரபு உண்டு. ஓலையில் புள்ளியும் சொல்லிடைவெளியும் இன்றித் தொடர்ந்தோடிய தமிழ் வாசகம், அச்சில்தான் புள்ளியும் பத்தியும் நிறுத்தக்குறியும் முறையாகப் பெற்றது. உகர ஊகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டியிருந்தமையால் அச்சுக்கோப்பவரின் கண்ணறைகள் பெருகின. ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் 1978-இல் தமிழக அரசின் ஆணையால் மாறின.

ஆயினும் இன்று கணினியில் பக்கம் அமைப்போர் பலர் ரோமன் எழுத்தின் அளவுகளையே தமிழுக்கும் இட்டுவிடுகிறார்கள். நம் எழுத்தில் இகரக் கொக்கி மேலேயும் உகரச் சுழி கீழேயும் நீள்கின்றன. ஆகவே வரியிடைவெளி ரோமன் எழுத்துக்கு விடுவதைக் காட்டிலும் கூடுதலாக வேண்டும். ரோமன் எழுத்தில் வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் என்பது வழக்கமான அளவு. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்ற ஒரே சொல்லில் 17 எழுத்துகளும், அவற்றுட் பல அகன்றவையுமாக வரும் நம் மொழிக்கு அக்கணக்கு பொருந்தாது. குறுகிய பத்தியில் இரு விளிம்பையும் ஒத்து நிறுத்தினால், சொற்களுக்கிடையே அகன்ற வெள்ளை வாய்க்கால்கள் ஓடி, ஜென்ஸன் காட்டிய சீர்மை குலைந்துபோகும்; அத்தகைய பத்திக்கு வல ஓரத்தை ஒழுங்கின்றி விடுவதே அழகு. ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் உட்கண்கள் தடித்த வடிவில் அடைபட்டுவிடுவதால், தடிப்பை அளந்தே ஏற்றவேண்டும். பேரெழுத்தும் இயல்பான சாய்வெழுத்தும் நமக்கு இல்லாமையின், முக்கியத்துவத்தை அளவாலும் தடிப்பாலும் வெளியாலும் அளவான வர்ணத்தாலும் காட்டும் பொறுப்பு நம் வடிவமைப்பாளருக்கு மிகுதி.

வெனிஸும் பாஸலும் தத்தம் எழுத்தை அளந்தே தத்தம் விதிகளைக் கண்டன. நம் அச்சகத்தாரும், எழுத்துரு அமைப்போரும், பதிப்பாசிரியர்களும் ஒன்றுகூடித் தமிழ் வாசகர் முன் தமிழ்ப் பக்கங்களை வைத்துச் சோதித்து, வரிநீளத்துக்கும் வரியிடைவெளிக்கும் ஓரத்துக்கும் தடிப்புக்கும் ஒரு சிறிய விதிநூலை எழுதி முடிப்பார்களாயின், பள்ளிப் பாடநூல் படிக்கும் குழந்தை முதல் நாளிதழ் படிக்கும் முதியவர் வரை அனைவருக்கும் அது நிலைத்த உபகாரமாகும். அந்தப் பணியை இத்தலைமுறையே மேற்கொள்ளுதல் வேண்டும்.