தூரிகை இருக்க வெண்கலம் ஏன்?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வார்ப்புப் பட்டறை ஒன்றில் பணிபுரியும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். பள்ளிப் படிப்பை முடித்த அவர் மகன் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்து சிற்பம் பயில விரும்புகிறானாம். “படம் வரையட்டும், எழுத்தணிக் கலை கற்கட்டும், நான் தடுக்கவில்லை. இத்தனை கலைகள் இருக்கச் சிற்பம்தான் வேண்டுமென்கிறானே, ஏன் ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

அவர் மார்க்கத் தீர்ப்பைக் கேட்கவில்லை. உயிரினங்களின் முழுவுருவைச் சமைப்பதை மார்க்க மேதைகளிற் பெரும்பாலோர் விலக்கியுள்ளனர் என்பதை அவரும் அறிவார், நாமும் மறைப்பதற்கில்லை. அவர் கேட்டது காரணத்தை. அக்கேள்விக்கு ஏட்டில் விடை தேடாமல், தந்தையையும் மகனையும் அழைத்துக்கொண்டு மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையின் முன் போய் நின்றோம்.

1959இல் நிறுவப்பெற்ற அச்சிலையை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி (1899–1975). வங்கத்தில் பிறந்து, அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்று, சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏறத்தாழ முப்பதாண்டுகள் வகித்தவர். 1954இல் தோன்றிய லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரும் அவரே. வங்க மொழியில் கதைகளும் எழுதினார். தூரிகையும் எழுதுகோலும் கைவசம் இருந்தும், பாறையைப் பெயர்க்க முனையும் நான்கு தொழிலாளரை அவர் வெண்கலத்திலேயே படைத்தார். வேறு வழி அறியாதவன் ஒன்றைச் செய்வது தேர்வாகாது. பல வழி அறிந்தவன் ஒன்றைக் கொள்வதே தேர்வு.

கதையாக எழுதியிருந்தால் அடுத்த வரியில் பாறை நகர்ந்ததா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். படிப்பவர் முடிவைக் கேட்பர். சிலைக்கு அந்தக் கடமை இல்லை. அறுபதாண்டுகளுக்கு மேலாக அந்நால்வரும் தள்ளிக்கொண்டே நிற்கின்றனர். ஆங்கிலத்தில் அதற்கு ‘உழைப்பின் வெற்றி’ என்று பெயர். தமிழ் மக்களோ வெற்றியை விட்டுவிட்டு ‘உழைப்பாளர் சிலை’ என்றே வழங்குகின்றனர். மக்கள் இட்ட பெயரே சிலைக்குப் பொருத்தம் என்போம்.

ஓவியமாயின் நாம் ஒரு புறம் நின்று காண்போம். இங்கோ சுற்றிவர வேண்டியிருக்கிறது. பின்புறம் சென்றால் முகங்கள் மறைந்து, முறுகிய முதுகுகளே எஞ்சுகின்றன. நம்மீது விழும் வெயிலே அவர்கள்மீதும் விழுகிறது. அன்பர் சிலையைத் தம் தொழிற்கண்ணால் நோக்கி, “உள்ளே கூடாகத்தான் இருக்கும் ஹஜ்ரத். இவ்வளவு பெரியதைப் பகுதி பகுதியாக வார்த்து இணைத்திருப்பார்கள்” என்றார். கூடாக உள்ள உலோகம் நம் தோளில் பாரத்தை ஏற்றுகிறதென்றால், அப்பாரம் எடைக்கல்லில் அடங்குவதன்று. நம்மைப்போலவே இடத்தை அடைத்து நிற்கும் உடலைக் கண்டு நம் உடல் உணரும் பாரம் அது.

குறையும் உண்டு. தசைகள் சற்று மிகையாகவே திரண்டுள்ளன. அன்றாட உழைப்பில் தேய்ந்த உடலைவிட மல்லரின் உடலே அங்கு மிகுதி. ராய் சௌத்ரியின் மாணவரும் பின்னாளில் அக்கல்லூரியின் முதல்வருமான எஸ். தனபால் அவ்வழியை விட்டு எளிய வடிவங்களை நாடினார். ஓவியம் பயின்ற பின் சிற்பத்துக்குத் திரும்பியவர் அவரும்.

அரபு மொழி பயின்றோர் ஒன்றைக் கவனித்திருப்பர். ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து இல்லங்கள் அமைத்ததையும், நபி இப்ராஹீம் (அலை) கண்டித்த சிலை வடிப்பையும் திருமறை ஒரே வேர்ச்சொல்லால் குறிக்கிறது: ‘நஹ்த்’, செதுக்குதல். இலக்கண வல்லுநரும் ‘பிஸ்மில்லாஹ்’ என்னும் தொடரிலிருந்து ‘பஸ்மலா’ என்னும் சொல்லை ஆக்குவதற்கு அப்பெயரையே இட்டனர். நல்ல நடையைப் புகழும்போது ‘ஹுஸ்னுஸ் ஸப்க்’, அழகிய வார்ப்பு, என்றனர். சிலையை விலக்கிய சமுதாயத்தின் புலவர்கள் சொல்லின் சிறப்பை அளக்கச் சிற்பியின் பட்டறையிலிருந்து அளவுகோலை எடுத்திருக்கின்றனர். எதிர்த்து நிற்கும் பொருளோடு போராடிப் பெறும் செப்பம் அங்கேதான் கண்கூடாகத் தெரியும்.

ஆகவே அன்பரிடம் இதைச் சொன்னோம்: “பாய், இவ்விருப்பத்தை உங்கள் மகன் அயலாரிடமிருந்து கொண்டுவரவில்லை. மணலில் அச்செடுத்து உருகிய உலோகம் ஊற்றும் உங்கள் கையிலிருந்தே பெற்றிருக்கிறான். விருப்பத்தைப் பழிக்காதீர்கள், எதைச் செதுக்குவது என்பதைப் பேசுங்கள். கீழக்கரையின் பழைய பள்ளிவாசலில் கல்தூண்கள் இருக்கின்றன. அவற்றைச் செதுக்கியவரும் கல்லோடு போராடியவரே.”

அவர் சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு, “கல்லூரியில் கொடியும் எழுத்தும் மட்டும் செய்யவிடுவார்களா ஹஜ்ரத்?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. மகனையே அக்கல்லூரிக்கு அழைத்துச் சென்று ஆசிரியர்களிடம் நேரிற் கேட்குமாறு கூறினோம். ஏன் என்று கேட்காமல் மறுப்பதும், ஏன் என்று கேட்காமல் இசைவதும் பிள்ளைக்குச் செய்யும் நன்மையாகா.