வெற்றுக்கோட்டையும் முற்றுகையும்: ஆட்டிசம் பற்றிய இரு நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

தாய் ஒருத்தி தன் பிள்ளையுடன் ஆயரிடம் வருகிறாள். பிள்ளைக்கு நான்கு வயதாகியும் பேச்சில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஒரே பொம்மைச் சக்கரத்தை மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் கூறிவிட்டார். ஆனால் அத்தாய் ஆயரிடம் கேட்பது மருந்தைப் பற்றியன்று. "ஐயரவர்களே, நான் என்ன தவறு செய்தேன்?" என்பதே அவளது வினா. இதற்கு நாம் அளிக்கும் விடை நம்மை உருவாக்கிய நூல்களைப் பெரிதும் பொறுத்தது. ஆதலால், 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த இரு நூல்களை ஒப்புநோக்க விரும்புகிறோம். ஒன்று புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய 'வெற்றுக்கோட்டை'. மற்றது கிளாரா கிளெய்போர்ன் பார்க் எழுதிய 'முற்றுகை'.

பெட்டல்ஹைம் 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். டாஹாவ், பூகன்வால்ட் ஆகிய நாத்சி வதைமுகாம்களில் அடைபட்டு, 1939இல் அமெரிக்கா சேர்ந்தவர். 1944 முதல் 1973 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்த்தோஜெனிக் பள்ளியின் இயக்குநராயிருந்தார். முகாமில் நம்பிக்கை இழந்த கைதிகள் உலகிலிருந்து தம்மை முற்றிலும் மூடிக்கொண்டதை அவர் கண்டிருந்தார். ஆட்டிசமுள்ள குழந்தையும் அவ்வாறே அச்சத்தினால் தன்னைச் சுற்றிக் கோட்டை எழுப்பிக்கொள்கிறது என்பது அவரது கருத்து. அப்படியானால் அக்குழந்தையை அச்சுறுத்தியவர் யார்? பிள்ளை இல்லாதிருக்கவேண்டும் என்ற பெற்றோரின் உள்மன விருப்பமே நோயைத் தூண்டியது என அவர் விடை கூறினார். ஆகவே குழந்தையை இல்லத்திலிருந்து பிரித்து, ஆண்டுக்கணக்கில் பள்ளியிலேயே வைத்துப் பேணுவதே அவரது சிகிச்சைமுறையாயிற்று.

நூலின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. பிறர் பொருளற்றவை என்று ஒதுக்கிய செயல்களில் பெட்டல்ஹைம் பொருளைத் தேடினார். தன்னை இயந்திரமென்றே எண்ணி வாழ்ந்த ஜோயி என்னும் சிறுவனைப் பற்றிய பகுதியை வாசிப்போர் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் உவமை வேறு, சான்று வேறு. உவமையின் அழகு கண்டு அதையே சான்றாகக் கொள்ளும் பிழை, அருளுரை ஆற்றும் நமக்கும் புதியதன்று. இவ்வுவமையில் முகாம் காவலனின் இடத்தில் நிறுத்தப்பட்டவள் தாய். அவள் அழுதால் அது குற்றவுணர்வு. அழாவிடின் அது குளிர்ந்த உள்ளம். எதைச் செய்தாலும் அவள் தப்ப வழியில்லை. எந்தச் சான்றாலும் மறுக்க இயலாத கொள்கை, எந்தச் சான்றாலும் நிறுவப்பட்டதுமன்று. குழந்தைகள் அடைந்த முன்னேற்றத்தை அளந்தவரும் சிகிச்சை அளித்த ஆசிரியரே.

மாற்றுக் கருத்து அந்நாளில் இல்லாமலில்லை. 1943இல் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இக்குறைபாட்டை விவரித்த லியோ கானர், அது பிறவியிலேயே அமைந்தது என்று எழுதியிருந்தார். ஆயினும் பெற்றோரின் குளிர்ந்த இயல்பைப் பற்றி அவர் கூறியவையே உலகில் பரவின. ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லண்ட், உடற்கூறே காரணம் என்று 1964இலேயே விரிவாக வாதிட்டார். 1969இல் பெற்றோர் கூடிய மாநாட்டில் கானரே அவர்களைக் குற்றமற்றோர் என்று விடுவித்தார். 1977இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் ஆகியோர் இரட்டையர் 21 இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை. மரபுக்கூறின் பங்கு இதனால் வெளிப்பட்டது. 1990இல் பெட்டல்ஹைம் இறந்தபின், அவர் தங்களை அடித்தார் என்று முன்னாள் மாணவர் பலர் சாட்சி கூறினர்.

இனி 'முற்றுகை'க்கு வருவோம். கிளாரா பார்க் மருத்துவர் அல்லர். ஆங்கில ஆசிரியை, நான்கு பிள்ளைகளின் தாய். கடைசி மகளை நூலில் எல்லி என அழைக்கிறார். இங்கும் கோட்டை உண்டு. ஆனால் அதற்கு வெளியே நிற்பவள் பகைவியல்லள். உள்ளே நுழைய வழிதேடி அன்பினால் முற்றுகையிடும் தாய். மகளின் கைமீது தன் கையை வைத்துக் குழாயைத் திருகக் கற்பிக்கிறார். பின் தன் கையின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். இத்தகைய சிறு செயல்களாலேயே நூல் நிறைந்துள்ளது. பெருங்கொள்கையோ, குணமாக்கினேன் என்ற முழக்கமோ அதில் இல்லை. அம்மகள் வளர்ந்து ஓவியராகவும், கல்லூரி அஞ்சல் அறையின் ஊழியராகவும் வாழ்ந்தார். அப்போதும் அவருக்கு ஆட்டிசம் இருந்தது. 2001இல் தாய் எழுதிய இரண்டாம் நூல் இதனை மறைக்கவில்லை.

பின்வந்த சிகிச்சைமுறைகளில் பயனளித்தவை பலவும் இத்தாய் நடந்த வழியிலேயே சென்றன எனலாம். சிகாகோவில் பயின்ற எரிக் ஷாப்லர், பெட்டல்ஹைமின் கொள்கையை மறுத்து, 1972இல் வட கரோலினாவில் 'டீச்' திட்டத்தை நிறுவி, பெற்றோரை உடன்பணியாளராக்கினார். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, படங்களால் கருத்தை உணர்த்தக் கற்பித்தல், பெற்றோர்க்கான பயிற்சி ஆகியவை இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. ஆட்டிசத்தையே நீக்கும் மருந்து எதுவுமில்லை. உடன்வரும் எரிச்சல், வலிப்பு போன்றவற்றிற்கே மருந்துகள் உள்ளன.

எனினும் தீவிரப் பயிற்சி யாவும் நன்றென்று கொள்ளலாகாது. ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணிநேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் ஒன்பதுபேர் இயல்பு நிலையை எட்டினர் எனப்பட்டது. ஆனால் அக்குழந்தைகள் சீட்டுமுறையில் பிரிக்கப்படவில்லை. அப்பயிற்சியில் தொடையில் அடிக்கும் தண்டனையும் இருந்தது. பிள்ளையைப் பிறரைப்போல் தோன்றச் செய்வதே நோக்கமாகிவிட்டால், பிள்ளையின் நலன் பின்தள்ளப்படும். ஆட்டிசமுள்ள பெரியோர் பலர் இதனை இன்று வெளிப்படையாகக் கூறுகின்றனர். அவர்களது சாட்சிக்கு நாம் செவிகொடுக்கவேண்டும்.

இங்கே ஓர் அறிக்கை செய்யக் கடமைப்பட்டுள்ளோம். மாணவப் பருவத்தில் பெட்டல்ஹைமின் நூலை வியந்து படித்தோம். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நம்மிடம் வந்த ஒரு தாயிடம், கருவுற்றிருந்தபோது மனக்கசப்பு ஏதேனும் இருந்ததா என்று வினவினோம். அது ஆற்றுப்படுத்தும் கலை என்றே எண்ணினோம். அவள் சற்றுநேரம் மௌனமாயிருந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து சென்றாள். அதன்பின் அவள் நம்மிடம் வரவில்லை. சாபம், முன்னோர் பாவம், ஜெபக்குறைவு என்று காரணம் கூறுவோரை நாம் அந்நாளில் கடிந்துகொண்டிருந்தோம். நாமும் அதே தீர்ப்பையே உளவியல் மொழியில் வழங்கினோம் என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தோம்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனோ இவன் பெற்றோரோ என்று கேட்டனர். ஆண்டவர் அவ்விரண்டையும் மறுத்தார் என்பதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆயினும் சீடரின் வினாவையே திரும்பத்திரும்பக் கேட்கிறோம். ஆயரின் பணி சிகிச்சையைத் தெரிந்தெடுப்பதன்று. அது தேர்ந்தோர் கடமை. ஆனால் ஒரு சிகிச்சைமுறை தாய் தந்தையரைக் குற்றக்கூண்டில் நிறுத்துகிறதா, உடன்பணியாளராக்குகிறதா, பிள்ளையை வருத்துகிறதா, முழுக் குணம் என்று விலைபேசுகிறதா என்று நாம் ஆராயலாம், ஆராயவும் வேண்டும். ஓய்வுநாள் ஆராதனையில் அப்பிள்ளை எழுப்பும் ஓசையைச் சபை பொறுத்துக்கொள்ளவும், அத்தாய் ஒருமணிநேரம் இளைப்பாற வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். இவற்றிற்கெல்லாம் முன்பாக, அவள் கேட்கும் வினாவுக்குத் தெளிவாக விடை கூறுவோம்: "அம்மா, நீ ஒரு தவறும் செய்யவில்லை."