அன்பே சிவத்திடம் இன்னும் எத்தனை முறை மன்னிப்புக் கேட்பது?

'அன்பே சிவம்' ஒரு சுமாரான படம். உள்ளே நல்ல அரை மணி நேரம் ஒன்று இருக்கிறது. மிச்சத்தைப் பேசிப் பேசியே ஒப்பேற்றியிருக்கிறார்கள். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பத்தாவது பத்தியில் சொன்னாலும் விழப்போகிற அடி அதே அடிதான்.

2003 பொங்கலுக்கு வந்தது. ஓடவில்லை. அப்புறம் டிவியில் போட்டார்கள், திரும்பத் திரும்பப் போட்டார்கள், ஒரு தலைமுறை அதைப் பார்த்து வளர்ந்தது. இன்று யாராவது 'தமிழில் உங்களுக்குப் பிடித்த படம்' என்று கேட்டால், பத்தில் நாலு பேர் இதைச் சொல்லிவிட்டுக் கூடவே ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: நாமதான் கொண்டாடத் தவறிட்டோம். 2003இல் தொட்டிலில் கிடந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், பிறக்கவே பிறக்காதவர்களும் சொல்கிறார்கள். தியேட்டருக்குப் போகாதது அப்பா, மன்னிப்புக் கேட்பது பிள்ளை.

இந்த மன்னிப்புதான் எனக்குப் பிரச்சினை. குற்றவுணர்ச்சியோடு ஒரு படத்தைப் பார்க்க உட்கார்ந்தால் அதன் எதிரில் கைகட்டி நிற்கத்தான் முடியும். படம் சொதப்புகிற இடம் வந்தாலும், 'அப்பவே இதையெல்லாம் யோசிச்சிருக்காரேப்பா' என்று ஒரு பெருமூச்சு. சுனாமி பற்றி நல்லசிவம் ஒரு காட்சியில் பேசுகிறார். 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. உடனே ஆண்டவர் முன்கூட்டியே சொன்னார் என்று ஆகிவிட்டது. புவியியல் பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயத்தைச் சொன்னதற்கு ஒரு மனிதரைத் தீர்க்கதரிசி ஆக்கிய ஊர் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. சரி, விடுங்கள், அது ரசிகர்கள் விளையாட்டு.

படத்துக்கு வருவோம்.

புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழையால் மாட்டிக்கொள்கிற இரண்டு பேர். ஒருவர் விளம்பரப் படம் எடுக்கிற அன்பரசு, மாதவன். இன்னொருவர் முகமெல்லாம் தழும்பும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக நல்லசிவம், கமல். இருவரும் சென்னைக்கு வரவேண்டும். விமானம் இல்லை, ரயில் இல்லை, ரோடு இல்லை. இந்த முடிச்சு 1987இல் வந்த ஹாலிவுட் படமான 'பிளேன்ஸ், டிரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்' படத்தை ஞாபகப்படுத்தும். அதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கிருந்து எடுத்தால் என்ன, எங்கே கொண்டுபோனார்கள் என்பதுதான் விஷயம். சும்மா சொல்லக் கூடாது, ஒடிசா வெள்ளத்தில் நடக்கிற அந்த முதல் பகுதி பிரமாதம். நம் சினிமாவில் ஈரம் இவ்வளவு ஈரமாகத் தெரிந்த இடங்கள் குறைவு. யூகி சேது வந்து ஏமாற்றிவிட்டுப் போகிற இடம், பாஷை தெரியாமல் அன்பரசு முழிக்கிற இடம் எல்லாம் எழுத்தாகவும் நடிப்பாகவும் ஜோராக இருக்கிறது. மாதவன் இல்லையென்றால் இந்தப் படம் முதல் ரீலிலேயே படுத்திருக்கும். எரிச்சல்படுவதை இவ்வளவு ரசிக்கும்படி செய்ய ஒரு தனித் திறமை வேண்டும். அந்த நல்ல அரை மணி நேரம் என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் படம் வாயைத் திறந்து விவாதம் பண்ண ஆரம்பித்ததும் ஆட்டம் கலைந்துவிடுகிறது. ஏனென்றால் அது விவாதமே இல்லை. அன்பரசு ஒரு பந்தைத் தூக்கிப் போடுவார், நல்லசிவம் சிக்ஸர் அடிப்பார். படம் முழுக்க இதே கதை. அன்பரசு ஒரு முறையாவது ஜெயித்தாரா? முதலாளித்துவத்தின் பக்கம் பேச வந்தவருக்கு அதன் பக்கம் உள்ள ஒரு நல்ல வாதத்தைக் கூடப் படம் கொடுக்கவில்லை. சோவியத்தே சிதறிப்போன பிறகு எதற்குக் கம்யூனிசம் என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 1991க்குப் பிறகு உலகம் முழுக்க இடதுசாரிகள் தூக்கம் கெட்டு யோசித்த கேள்வி. அதற்கு நல்லசிவம், தாஜ்மஹால் இடிந்துபோனால் யாரும் காதலிப்பதை நிறுத்திவிடுவார்களா என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறார். கைதட்டல் வாங்குகிற பதில். ஆனால் அது பதிலா? அரசு, கட்சி, உற்பத்தி, அதிகாரம் என்று ஆயிரம் சிக்கல் உள்ள ஒரு அரசியலைத் தூக்கி 'உணர்வு' என்கிற பெட்டிக்குள் போட்டுப் பூட்டியாயிற்று. உணர்வோடு யார் சண்டை போட முடியும்?

இதுதான் படத்தின் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன். கம்யூனிசத்தை நல்ல மனசாகச் சுருக்கிவிடுகிறது. தொழிற்சங்கத்தைப் பற்றிய படம் என்கிறோம். சரி, அதில் ஒரு தொழிலாளியின் பெயரைச் சொல்லுங்கள். யோசித்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். தொழிலாளிகள் தெருநாடகம் பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள், நல்லசிவத்துக்கு ஏதாவது ஆனால் பதறுகிறார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு வேலை. அடியாட்கள் வந்தால் தோழர் தனியாளாகக் குடையை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் அடிக்கிறார். சங்கம் என்றால் கூட்டம் அல்லவா? கூட்டத்தின் பலத்தை நம்புகிற ஒரு தத்துவத்தை, ஒற்றை ஆள் ஸ்டண்ட் காட்சியாகக் காட்டியிருப்பதை இதுவரை யாரும் கிண்டல்கூடச் செய்யவில்லையே என்பதுதான் ஆச்சரியம். அந்தச் சண்டை ரொம்ப நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

கிளைமாக்ஸ் இன்னும் மோசம். சம்பள உயர்வுக்கு முதலாளி கந்தசாமி படையாட்சி கையெழுத்துப் போடுகிறார். ஏன் போடுகிறார்? வேலைநிறுத்தத்தால் மெஷின் நின்றதா, நஷ்டம் தாங்கவில்லையா, வழக்கில் தோற்றாரா? எதுவும் இல்லை. மகளின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. செத்துவிட்டான் என்று அவளிடம் சொல்லிவைத்த பழைய காதலன் மண்டபத்தில் வந்து நிற்கிறான். அவன் சத்தம் போடாமல் போய்விட வேண்டும். அதற்கான விலை அந்தக் கையெழுத்து. ஆக, அத்தனை தொழிலாளிகளின் கூலி ஒருவரின் காதல் தியாகத்தால் தீர்மானமாகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த பேரத்தில் நடுவில் வைத்த பொருள். அந்தப் பெண்ணைக் கேட்கவே இல்லை. பாலா என்கிற அந்தப் பாத்திரத்தை இன்றைய ரசிகர்கள் எப்படி இவ்வளவு சுலபமாகக் கடந்துபோகிறார்கள்? வேறு படமாக இருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பீர்கள். இங்கே மன்னிப்புக் கேட்கிற இடத்தில் நிற்பதால் கேள்வி வருவதில்லை.

அதே பொங்கலுக்கு இன்னொரு படம் வந்தது. 'தூள்'. விக்ரம், தரணி. பிய்த்துக்கொண்டு ஓடியது. மசாலாவுக்குப் போய் நல்ல படத்தைத் தோற்கடித்த மக்கள் என்று இன்று திட்டுகிறோமே, அந்த மக்கள் பார்த்த படம் எதைப் பற்றியது? ஆலைக் கழிவால் தண்ணீர் கெட்டுப்போன கிராமம். நியாயம் கேட்டு மந்திரியைப் பார்க்கச் சென்னைக்கு வருகிறவர்கள். மந்திரியே அந்தப் பக்கம். தீர்வு என்னவோ விக்ரமின் கைமுஷ்டிதான், மறுக்கவில்லை. தூள் பெரிய அரசியல் படம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஆலை, முதலாளி, அரசு என்பவை ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கின்றன என்பது அந்தக் குத்துப்பாட்டுப் படத்திலும் இருந்தது. இரண்டுக்கும் இசை ஒரே வித்யாசாகர் என்பது ஒரு அழகான தற்செயல். சனங்களுக்குப் புரியவில்லை என்பது சனங்களைப் பற்றி நாம் கட்டிய கதை. அவர்களுக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை என்பதற்கும் வாய்ப்பிருக்கிறது அல்லவா? 1981இல் 'சிவப்பு மல்லி' ஓடிய ஊர் இது. சிவப்புக் கொடியைப் பார்த்து மிரண்டு ஓடுகிற ஆட்கள் இல்லை நாம்.

இன்னொன்று கவனித்தீர்களா? கொண்டாடத் தவறியதாக நாம் வருந்துகிற பட்டியலில் பெரும்பாலும் நட்சத்திரங்களின் தோல்விகள்தான் இருக்கின்றன. ரகுவரன் அறிமுகமான, ஹரிஹரன் இயக்கிய, பாரதி பாடல்களை வைத்து எடுத்த 'ஏழாவது மனிதன்' 1982இல் வந்தது. அதுவும் ஆலையையும் அதைச் சுற்றியுள்ள சனங்களையும் பற்றிய படம்தான். அதற்காக யாரும் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேட்டஸ் போட்டு நான் பார்க்கவில்லை. ஆகவே இது சினிமாவுக்குச் செய்கிற மரியாதையா, இல்லை நாயகனுக்குச் செய்கிற இன்னொரு வகைப் பாலாபிஷேகமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

'ஆயிரத்தில் ஒருவன்' வேறு மாதிரியான சிக்கல். 2010 பொங்கலுக்கு வந்தது, முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டே மாதத்தில். கடைசி அரை மணி நேரத்தில் ராணுவம் உள்ளே வருகிறது, பெண்கள் இழுத்துச் செல்லப்படுகிறார்கள், ஒரு அரசன் விழுகிறான். அதைப் பார்த்து நெஞ்சு அடைக்காத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கனம் படம் சம்பாதித்ததா, வெளியே இருந்து நாம் சுமந்துகொண்டு போனதா? முதல் பாதியில் அதே படம் காட்டுவாசிகளை மனிதக்கறி தின்பவர்களாகக் காட்டி, துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறது. அங்கே பின்னணி இசை நம்மை உசுப்பேற்றுகிறது. துப்பாக்கி இரண்டு பாதியிலும் ஒன்றுதான். எதிரே நிற்பவர் சோழர் என்றால் துயரம், காட்டுவாசி என்றால் சாகசம். செல்வராகவனின் துணிச்சலைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றால் தேவலை. பார்த்திபன் நடிப்பு, அந்தப் பஞ்சம் பிடித்த அரண்மனை என்கிற கற்பனை இரண்டுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

'புதுப்பேட்டை' மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கொடுத்த பாராட்டு அத்தனையும் தகும், இன்னும் கொஞ்சம்கூடக் கொடுக்கலாம். 'ஆரண்ய காண்டம்' அப்படியே. விளக்கம் வேண்டியதில்லை, அவை பார்க்கிறவரிடம் எந்த இரக்கத்தையும் கேட்டு நிற்பதில்லை.

ஓவர்ரேட்டட் என்ற சொல்லை இதுவரை நான் பயன்படுத்தாமல் தப்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சொல் படத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. மற்றவர்கள் போட்ட மார்க்கைப் பற்றிப் பேசுகிறது. ஊரே அஞ்சு ஸ்டார் போட்டால் நான் இரண்டு போடுவேன் என்பதில் ஒரு சின்னக் கிளுகிளுப்பு உண்டு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. 'அன்பே சிவ'த்தின் மார்க்கைக் குறைப்பது என் வேலை இல்லை. அதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தூரப் போக வேண்டாம். அதே கமல் எழுதிய 'மகாநதி' இருக்கிறது, 1994 பொங்கல்.

'அன்பே சிவ'த்தில் ரயில் விபத்து நடக்கிறது. அடிபட்ட ஒரு சிறுவனுக்கு அன்பரசு ரத்தம் கொடுக்கிறார். பையன் பிழைக்கவில்லை. அன்பரசு உடைந்து அழுகிறார். இந்த இடம் வரைக்கும் காட்சி அருமை. மாதவன் முகத்தில் எல்லாம் இருக்கிறது. அப்போது நல்லசிவம் பேச ஆரம்பிக்கிறார். யாரென்றே தெரியாத பையனுக்காக அழுகிற இந்த மனசுதான் கடவுள் என்று விளக்குகிறார். ஐயா, தெரிகிறது! நாங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அழுகிறவன் தோளில் கை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வசனம் இல்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் ஏது?

'மகாநதி'யிலும் முன்பின் தெரியாதவர்களின் கருணை வருகிறது. கிருஷ்ணசாமி கல்கத்தா சோனாகாச்சியில் தன் மகளைக் கண்டுபிடிக்கிறார். தூக்கிக்கொண்டு போக விடமாட்டேன் என்கிறார்கள். அவளுக்காகக் கொடுத்த பணம் யார் தருவது? அங்கே இருக்கிற பெண்கள், தங்கள் உடம்பை விற்று வருகிற காசில் அந்தக் கணக்கை நேர் செய்துவிடுகிறோம், அவளை விட்டுவிடு என்று நிற்கிறார்கள். அன்பு, கடவுள், மனிதம் என்று ஒருவரும் விளக்கவுரை சொல்வதில்லை. அந்த உதவியில் கூட ஒரு கொடூரம் இருக்கிறது. மற்றவர்கள் உள்ளேயே இருக்கப்போகிறார்கள் என்பதால்தான் ஒருத்தி வெளியே போகிறாள். பிறகு ஓர் இரவில் அந்தக் குழந்தை தூக்கத்தில் பிதற்றுகிறது. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தத்துவம் எதுவும் வாயில் வருவதில்லை. அந்தக் காட்சியை ரிப்பீட் மோடில் பார்க்கிறேன் என்று சொல்லும் யாரையும் நான் சந்தித்ததில்லை.

'மகாநதி'யை இயக்கியவர் சந்தான பாரதி. 'அன்பே சிவ'த்தில் அவர் படையாட்சியின் கையாளாக நடித்திருக்கிறார். கடைசியில் நல்லசிவத்தைத் தீர்த்துக்கட்ட அனுப்பப்படுகிற ஆள் அவர்தான். அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம். அதற்குள் மனம் மாறி, விட்டுவிட வேண்டும். மாறிவிடுகிறார்.